ஆறாவது லெட்சுமி

1988 நவம்பர் 12, சனி.

கணினி தப்பித்தது. திங்களுக்குள் ஓடாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவேன் என்று எஸ்டேட் மேனேஜர் துரை சொல்லியிருந்தார். தேயிலைக் கொழுந்து எடைக்கு நான் எழுதிய நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும்போதெல்லாம் கம்பைலர் பாதியிலேயே செத்துவிழும். பனி ஈரத்தில் டிஸ்க் கெட்டுவிட்டது என்று நம்பி, அதை அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்திருந்தேன். முட்டாள்தனம்.

இன்று மதியம், கொழுந்து நிறுக்கும் பாக்கியம் அக்கா என் நிரலுக்குள் இருந்த தொழிலாளர் பெயர்ப் பட்டியலைப் பார்த்தார்.

"என்ன கிராணி, கணக்கு எழுதுற நீங்களே ஏழு லெட்சுமியையும் வெறும் லெட்சுமின்னே போட்டிருக்கீங்க? நாங்க எந்த லைன் வீட்ல குடியிருக்காங்கன்னு சேத்துத்தான் கூப்பிடுவோம்லா."

பொறி தட்டியது. இந்தக் கணினியின் இயங்குதளத்தை எழுதிய வெளிநாட்டுக்காரர்கள், யாரும் திருத்தலாம் என்று கம்பைலரின் மூல நிரலையும் சேர்த்தே அனுப்பியிருந்தார்கள். பிரித்துப் பார்த்தேன். ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் குறித்துவைக்க ஐந்து இடம்தான் விட்டிருந்தார்கள். ஆறாவது லெட்சுமியில் கம்பைலர் விழுந்திருக்கிறது. அவர்கள் ஊரில் அத்தனை லெட்சுமிகள் இல்லை போலும்.

லைன் பெயரைச் சேர்த்துத் தப்பித்திருக்கலாம். மனம் ஒப்பவில்லை. கம்பைலரையே திருத்தினேன். மாலையில் ஏழு பேரும் வரிசையாகத் திரைக்கு வந்தார்கள். திருத்தத்தை இயங்குதளம் எழுதியவர்களுக்குத் தபாலில் அனுப்ப வேண்டும்.

டின்னிலிருந்த அரிசியை இன்று சோறாக்கிச் சாப்பிட்டோம்.