லெவிசனின் ஆட்டம்

அக்டோபர் 4, செவ்வாய்

வெயில் மண்டையைப் பிளக்கிறது. கோழிக்குஞ்சு இரண்டு செத்துக் கிடந்தன. மருமகள் மெமரி தண்ணீர் வைக்க மறந்திருக்கிறாள். கேட்டால் "வெச்சேனே அத்தை" என்கிறாள். வைத்தாளாம்!

சந்தைச் சுவரில் ஒரு சுவரொட்டி பார்த்தேன். ஸ்மெல்ட்டர்ஸ் இசைக்குழுவின் பழைய பாட்டுகள், இசைத்தட்டில் உள்ளபடியே, 23ஆம் தேதி ஞாயிறு பிற்பகல், பழைய சுரங்கத் தொழிலாளர் மன்றத்தில். வாசிக்கப் போவது பக்கத்து ஊர் லுவான்ஷ்யாவின் பையன்கள் ஐந்து பேர். அசல் ஸ்மெல்ட்டர்ஸ் ஐந்து பேரும் மண்ணுக்குள் போய் இருபது வருஷம் ஆகிறது. கருவாட்டுக் கூடையோடு நின்று மூன்று தடவை படித்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்தில் அந்த மன்றத்துத் தரையை ஆடி ஆடித் தேய்த்தவர்கள் டைலெஸியும் நானும்.

அப்படியே அவள் வீட்டுக்கு ஓடத் தோன்றியது. பாதி வழியில் கால் வரவில்லை. திரும்பிவிட்டேன்.

அக்டோபர் 6, வியாழன்

போய்விட்டேன். இரண்டு சீட்டு வாங்கிக்கொண்டே போனேன்.

தையல் மிஷினில் இருந்து எழுந்து, "வாங்க, உக்காருங்க. குடிக்க ஏதாவது கொண்டுவரட்டுமா?" என்றாள். வாங்களாம்! நாற்பது வருஷச் சிநேகிதி என்னை வாங்க என்கிறாள். முன்பெல்லாம் வாசலில் கால் வைக்கும்போதே, "வந்துட்டியா குரங்குதின்னி? பாத்து உக்காருடி, அது புது நாற்காலி" என்று தெருவுக்கே கேட்கக் கத்துவாள். நானும் விடமாட்டேன். "எலிதின்னி வீட்டுல நாற்காலி வேறயா?" என்பேன்.

நான் பெம்பா, அவள் ங்கோனி. ஒரு காலத்தில் வெட்டிக்கொண்டு செத்த இரண்டு கூட்டம். அதனால்தான் இன்றைக்கு எங்களுக்குள் கேலிமுறை. கண்டால் வைதுகொள்ள வேண்டும், கோபம் வரக்கூடாது. மரியாதை கொடுத்தால் உறவு முறிந்தது என்று அர்த்தம்.

சீட்டை மேசையில் வைத்தேன். "பாக்கறேங்க" என்றாள். துணியை எடுத்துக்கொண்டு மறுபடி மிஷினுக்குப் போய்விட்டாள்.

அக்டோபர் 9, ஞாயிறு

பூசையில் எனக்கு முன்வரிசையில் இருந்தாள். சமாதானம் சொல்லும்போது திரும்பி, இரண்டு கையாலும் என் கையைப் பிடித்து, தலை குனிந்து சொன்னாள். பாதிரியாருக்குச் சொல்கிற மாதிரி.

அக்டோபர் 14, வெள்ளி

எழுதிவிடுகிறேன். நாலு மாதமாக எழுதாமல் தள்ளிப்போட்டது.

அவள் புருஷன் லெவிசன் ஜூனில் போனான். சாவு வீட்டில் எங்கள் கேலிமுறைக்காரர்களுக்கென்று ஒரு வேலை உண்டு. செத்தவனின் கோட்டை மாட்டிக்கொண்டு அவன் மாதிரியே நடக்க வேண்டும், அவன் குரலில் பேச வேண்டும், சவப்பெட்டியை மறித்து வம்பு பண்ண வேண்டும். விதவை ஒரு தடவையாவது சிரித்தாக வேண்டும். எங்கள் ஊர் கிட்வேயில் இருக்கிற பெம்பாக்கள் எல்லாரும் அதை எனக்கென்று விட்டுவிட்டார்கள். நெருங்கியவள் நான்தானே?

நான் என்ன செய்தேன்? அவன் கோட்டு ஆணியில் தொங்கியது. அதைப் பார்த்ததும் உடைந்துபோனேன். டைலெஸி மேல் விழுந்து அழுதேன். நாலு நாளும் அழுதேன். ஒரு கேலி வாயில் வரவில்லை.

அடக்கம் முடிந்து கை கழுவும்போது அவள் சொன்னாள்: "அழறதுக்கு எனக்கு நாப்பது பேர் இருந்தாங்க. நீங்க எதுக்கு வந்தீங்க?"

அதுதான் முதல் "நீங்க".

என்ன பண்ணுவேன் நான் — அவன் எனக்கும் அண்ணன் மாதிரிதானே! ஆனா அது சாக்கு. தெரியும் எனக்கு. அவளை அந்த நாலு நாளும் தனியா விட்டுட்டேன்.

அக்டோபர் 20, வியாழன்

அவள் பேத்தி வந்து சொன்னாள்: "பாட்டி ஞாயித்துக்கிழமை வராங்களாம்." அவ்வளவுதான் செய்தி. நான் மூன்று உடுப்பு மாற்றிப் பார்த்தேன்.

அக்டோபர் 23, ஞாயிறு

மினிபஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். வழியெல்லாம் ஜக்கரண்டாப் பூ. சக்கரம் ஏறி ஏறித் தார்ச்சாலையே ஊதாவாக இருந்தது.

மன்றத்தில் சுண்ணாம்பு உதிர்ந்திருக்கிறது, விசிறி சுற்றவில்லை. உயரத்து ஜன்னல் வழியாக வெயில் சாய்ந்து விழுந்தது. பையன்கள் அகலக் கால்சட்டையும் கட்டைச் செருப்புமாக வந்து நின்றார்கள். யார் வீட்டுத் திரைச்சீலையோ, சட்டையாக மாறியிருந்தது. சிரிப்பு வந்தது. ஆனால் முதல் கிதார் ஒலி எழுந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. கண்ணைப் பாதி மூடினால் போதும், எழுபத்தைந்து. அதே கரகரப்பு, அதே இழுப்பு. எனக்கு இடுப்பு சிறுத்து, முட்டி வலி போய், இரண்டாம் ஷிப்டு சங்கு எங்கோ ஊதுகிற மாதிரி இருந்தது. தண்ணீருக்குள் நடப்பது போல எல்லாரும் மெதுவாக ஆடினார்கள்.

இரண்டாவது பாட்டில் டிரம் ஒரு தட்டு பிந்தி வரும். இசைத்தட்டில் பதிவாகிவிட்ட தப்பு. அந்த இடத்தில் நாங்கள் ஒரு காலைத் தூக்கியபடி காத்திருப்போம். பையன்கள் அந்தத் தப்பையும் பாடம் பண்ணி வந்திருக்கிறார்கள்! மன்றம் முழுக்க நரைத்த தலைகள் ஒற்றைக் காலில் நின்றன. டைலெஸி மட்டும் நாற்காலியில், மடியில் பையைக் கட்டிப் பிடித்தபடி.

நாலாவது பாட்டு லெவிசனுக்கு உயிரான பாட்டு, அது வந்தால் ஆடாமல் இருக்கமாட்டான். அவன் ஆட்டம் இல்லாமல் அதை நான் கேட்டதே இல்லை. அவள் முகம் கல்லாக இருந்தது. அப்போதுதான் நினைத்தேன்: செத்தவர்களைப் போலப் பாட இந்தப் பையன்களுக்குக் கூச்சமில்லை. எனக்கென்ன கேடு?

எழுந்தேன். பக்கத்துக் கிழவரின் தொப்பியைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, நாக்கை நீட்டி, கரப்பான்பூச்சி மிதிக்கிற மாதிரி தொம் தொம்மென்று ஆடினேன். லெவிசன் அப்படித்தான் ஆடுவான், கால்சட்டை எப்போது நழுவுமோ என்று. யார் காலையோ மிதித்துவிட்டு வேறு யாரிடமோ மன்னிப்புக் கேட்பான். அதையும் செய்தேன். அவன் தொண்டையில், "டைலெஸி! என் காலுறை எங்க வெச்சே?" என்று கத்தினேன்.

"அடேய், நம்ம லெவிசன்டா!" என்று ஒருவர் கை தட்டினார். மன்றமே சிரித்தது.

அவள் சிரிக்கவில்லை. உதடு கோணியது. பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போய்விட்டாள். நான் வாசலுக்கு ஓடுவதற்குள் மினிபஸ் கிளம்பிவிட்டது.

அறுபத்திரண்டு வயசுக் கழுதை நான். நாலு மாசம் கழிச்சு, ஊர் பாக்க, அவ புண்ணைக் கிளறிட்டு வந்திருக்கேன்.

அக்டோபர் 24, திங்கள்

எங்கள் நாட்டு விடுதலை நாள். தெருவெல்லாம் கொடி. முட்டி வீங்கியிருக்கிறது.

நவம்பர் 1, செவ்வாய்

செய்தி இல்லை. கனவில் மன்றம் வந்தது. யாரும் இல்லை, பாட்டும் இல்லை. தரையெல்லாம் ஊதாப் பூ. லெவிசன் தனியாக ஆடிக்கொண்டிருந்தான். "சரியா இருக்கா?" என்று அவனிடம் கேட்டேன். ஆட்டத்தை நிறுத்தாமல் ஜன்னல் பக்கம் பார்த்தான். விழித்தபோது முதல் மழை பெய்து மண் வாசனை வந்தது.

நவம்பர் 6, ஞாயிறு

மலேரியா. எழுத்து கோணுகிறது. போதும்.

நவம்பர் 9, புதன்

காய்ச்சல் இறங்கிவிட்டது. பதினொரு மணி இருக்கும். வாசலில் ஒரு கத்தல்: "எங்க பொணம்? எடுத்துட்டீங்களா, இன்னும் கிடக்கா?"

மெமரி கையிலிருந்த தட்டைப் போட்டுவிட்டாள். டைலெஸி நேரே உள்ளே வந்து என் போர்வையை உருவினாள். தையல் நாடாவை எடுத்து உச்சந்தலையில் வைத்து, குதிகால் வரை இழுத்தாள்.

"அஞ்சடிகூட இல்லியே! பெட்டிக்கு வாங்கற பலகையில பாதி மிஞ்சும். கோழிக்குக் கூண்டு அடிச்சுக்கலாம்."

மெமரி அழுதேவிட்டாள். "அம்மா, அப்படிச் சொல்லாதீங்க. பொழச்சிட்டாங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு!"

"டாக்டர் பெம்பாவா? அப்ப நம்பாதே, பொண்ணு."

எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, வாய் சிரிக்கிறது. அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நாடாவை விரலில் சுற்றினாள்.

"எல்லாம் சரியாத்தான் பண்ணினே," என்றாள். "ஆனா அவர் இடுப்பை வலது கையால பிடிப்பாருடி. நீ இடது கையால பிடிச்சே. மினிபஸ்ல வீடு வரைக்கும் எனக்கு அதேதான் உறுத்துச்சு."

"இல்லவே இல்ல. இடதுதான்."

"முப்பத்தெட்டு வருஷம் பாத்தவ நானா நீயா?"

செருப்பைக் கழற்றி எறிந்தாள். இடுப்புத் துணியை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டாள். வலது கையால் இடுப்பைப் பிடித்து, நாக்கை நீட்டி, என் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் தொம் தொம்மென்று ஆட ஆரம்பித்தாள்.