வானவர் கீதம் யார் வாசிப்பது

ஏப். 13, குருத்து ஞாயிறு

காலையிலேயே புழுக்கம். குருத்தோலைப் பவனி முடிவதற்குள் புடவை முதுகோடு ஒட்டிவிட்டது.

பூசை முடிந்து கொயர் மாஸ்டர் சேவியர் அண்ணன் சொல்லிவிட்டார். பெரிய வியாழன் வானவர் கீதத்துக்கு கீபோர்டு நான். நன்றாக வந்தால் ஈஸ்டருக்கும் நான், அதற்கப்புறம் எப்போதும் நான். சொதப்பினால் ஷீலா.

ஷீலா என் நாத்தனார், டேவிட்டின் தங்கச்சி. கிட்டத்தட்ட என் வயசு. அடையாறில் பல் கிளினிக்கில் ரிசப்ஷன். வீட்டில் கீபோர்டே கிடையாது. ஒரு தடவை கேட்டால் போதும், வாசித்துவிடுவாள். நான் ஒரு பாட்டுக்கு ஒரு மாதம். பொறாமையா? ஆமாம். இங்கே எழுதாமல் எங்கே எழுத.

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் முழுக்க பூசையில் வானவர் கீதம் என்ற புகழ்ச்சிப் பாட்டு கிடையாது. வியாழன்தான் மணிகளோடு திரும்ப வரும். அது முடிந்ததும் கீபோர்டை மூடிவிட வேண்டும். சனி ராத்திரி வரை வாத்தியம் கூடாது. தப்பு பண்ணினால் அடுத்த பாட்டில் சமாளிக்கலாம் என்ற பேச்சே இல்லை.

வாங்க: புளி, டேவிட்டுக்கு பி.பி. மாத்திரை, சிவப்புப் பேனா.

ஏப். 15, செவ்வாய்

ஒன்பதாம் வகுப்பு கணக்குப் பேப்பர் திருத்துவது பாதி பாக்கி. லஸ் முனையில் பஸ் நகரவே இல்லை. இறங்கி நடந்தேன்.

கோயில் மாடியில் ஒத்திகை. ஷீலா லேட். வந்தாள், சிரித்தாள், பையைக்கூட இறக்காமல் வாசித்தாள். எல்லாப் பாட்டுக்கும் ஒரே விரலமைப்புதான் அவளுக்கு, வெள்ளைக் கட்டை மட்டும். சுருதி மாற்ற ட்ரான்ஸ்போஸ் பொத்தான். அமுக்கினால் கை அதே இடத்தில் இருக்கும், சத்தம் மட்டும் மேலேயோ கீழேயோ போய்விடும். நான் அந்தப் பொத்தானைத் தொட்டதே இல்லை. எல்லாச் சுருதியையும் கையாலேயே கற்றவள். அந்தத் திமிர் எனக்கு உண்டு.

மாடிப்படி இறங்கும்போது சேவியர் அண்ணன் யாரிடமோ போனில் என்னைப் பற்றி: "பிலோ வாசிச்சா கரெக்டா கீது. ஷீலா வாசிச்சா பாட்டா கீது."

வீடு வரை அந்த ஒரு வரிதான். சாப்பிடவில்லை.

ஏப். 16, புதன்

திருத்தாத பேப்பரை மூட்டை கட்டி வைத்தாயிற்று. ஹெட்போன் போட்டு சாயங்காலம் பூரா வாசித்தேன். டேவிட் டீ கொண்டுவந்து வைத்தார்.

"உனக்கு உழைப்பு, அவளுக்கு காது. ரெண்டும் ஆண்டவர் குடுத்ததுதான்."

"அப்ப காதை எனக்குக் குடுத்திருக்கலாம்ல?"

தங்கச்சியை விட்டுக்கொடுக்க மாட்டார்.

ஏப். 17, பெரிய வியாழன்

தூக்கம் வராது. எழுதிவிடுகிறேன்.

பூசைக்கு முன்னால் ஷீலா, பிறகு வாத்தியம் இல்லாமல் பாட வேண்டிய பாதம் கழுவும் பாட்டுக்குச் சுருதி பிடிக்க, ஒரு தடவை வாசித்துப் பார்த்துவிட்டு எழுந்தாள். நான் உட்கார்ந்தேன். சாமியார் தொடங்கினார். மணிகள் எல்லாம் ஒன்றாக. நான் ஆரம்பித்தேன், விரல் ஒன்றுகூடத் தப்பவில்லை. கொயர் சேர்ந்தது. பெண்கள் குரல் கிறீச்சென்று போனது. ஏன் கத்துகிறார்கள் என்றுதான் நினைத்தேன். அப்போதும் எனக்குக் கேட்கவில்லை.

பக்கத்தில் ஷீலா குனிந்து: "அண்ணி, ட்ரான்ஸ்போஸ்! நாலு மேல நிக்குது!"

பொத்தான் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது எனக்கு. முதல் சரணம் முடிந்து இடையிசை. கையை நாலு கட்டை கீழே இறக்கி, கறுப்புக் கட்டைகளில் விழுந்து, மிச்சப் பாட்டை அப்படியே வாசித்து முடித்தேன். குரல்கள் இறங்கி நிம்மதியாயின. ஷீலாவால் அது முடியாது. எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

கீபோர்டை மூடித் துணி போட்டாயிற்று. இனி மணிக்குப் பதில் மரக்கட்டையைத் தட்டும் சத்தம்தான்.

வெளியே அண்ணன்: "செக் பண்ணாம உக்காருவியாம்மா?"

ஷீலா சொல்லுவாள் என்று அவள் முகத்தையே பார்த்தேன். செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அவள் மாற்றாமல் விட்டுப்போன பொத்தான். ஆனால் ஊருக்கே கேட்டது எனக்குக் கேட்கவில்லையே. கோபம் யார்மேல் என்று தெரியவில்லை.

ஏப். 18, பெரிய வெள்ளி

ஒருசந்தி, ஒரு வேளைதான் சாப்பாடு. தலைவலி. வெயில் கண்ணைக் குத்துகிறது.

மூன்று மணி வழிபாடு. வாத்தியம் இல்லை. சுருதி கொடுத்தது ஷீலா, சும்மா தொண்டையிலிருந்து. நான் பின்வரிசையில். அவளோடு பேசவில்லை.

சிலுவையை முத்தமிடும் முத்திக்கு வரிசை நீளம். பாட்டும் நீளம். நடுவில் பாட்டின் சுருதி கொஞ்சம் இறங்குகிற மாதிரி இருந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அண்ணன் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தார். நேற்றைய பயத்தில் எனக்குத்தான் பிரமை என்று விட்டுவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. எந்த முகத்தோடு கேட்பது.

ஏப். 19, சனி

முட்டை, கேக் மாவு, பட்டன் தைக்க வேண்டிய டேவிட் சட்டை.

ஷீலா வந்தாள். நேராகச் சமையலறை.

"நாந்தான் விட்டுட்டேன் அண்ணி. காலைல சேவியர் அண்ணன்ட்ட சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாரு?"

தயங்கினாள். "யார் விட்டா இன்னா, அவளுக்குக் கேக்கலையேன்னாரு. இன்னிக்கு ராத்திரி என்னையே வாசிக்கச் சொல்லிட்டாரு."

முட்டையை உடைத்துக்கொண்டே இருந்தேன். அண்ணன் சொன்னதில் தப்பு இல்லை. அதனால்தான் அவ்வளவு வலித்தது.

"கறுப்புக் கட்டைல எப்டி எறக்குனீங்க? எனக்குக் கை ஓடியிருக்காது."

இன்னொரு முட்டையை எடுத்தேன். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து, பேச்சை மாற்றத்தானோ என்னவோ:

"நேத்து முத்தி பாட்டு கவனிச்சீங்களா? பாதில எறங்கிப் போச்சு. அண்ணனுக்கே தெரியல."

கையிலிருந்த முட்டையைக் கீழே வைத்தேன்.

"நாலாவது சரணத்துலதானே? வயசானவங்க வரிசை வந்தப்போ?"

வாய்க்குள் பாடிப் பார்த்தாள். நிமிர்ந்தாள்.

"ஆமா, அங்கதான். அண்ணி, உங்களுக்குக் கேட்டுச்சா?"

கேட்டது.