இரட்டைத் தையலைப் பிரித்துவிடு

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், அவருடைய இடது முழங்காலைத் தவிர. அங்கே நீயும் பாப்பாவும் எப்படி இருக்கிறீர்கள் என்று முறைப்படி கேட்கத்தான் வேண்டும், ஆனால் கேட்டால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் அந்தப் படத்தை அனுப்பிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவாய். திங்கட்கிழமையிலிருந்து ஏழு மெசேஜ் அனுப்பியிருக்கிறேன், ஏழுக்கும் கட்டைவிரல். பாப்பாவைப் பின்சீட்டுக்கு மாற்றினாயா என்று கேட்டதற்கும் கட்டைவிரல், போனை எடுடா என்றதற்கும் கட்டைவிரல். மாற்றிவிட்டேன் என்று அர்த்தமா, சும்மா இரு என்று அர்த்தமா, யார் கண்டது? மருமகளிடம் சொல்லலாம் என்றால் பயிற்சிக்குப் போன இடத்தில் அவள் போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்களாம், சாயங்காலம் கிடைக்கிற பத்து நிமிஷத்தில் உன்னைத்தான் கூப்பிடுகிறாள். இன்று காலை எட்டாவது மெசேஜ் போட்டேன், என் கடிதம் வந்து சேரும்வரை குழந்தையைக் காரில் ஏற்றாதே, காப்பகத்துக்கு பஸ்ஸில் கூட்டிப்போ என்று. அதற்கும் கட்டைவிரல்தான். கூரியர்காரர் நாளை மறுநாள் உன் கையிலேயே கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார், இதற்காவது நீ கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். காரின் முன்கதவைத் திறந்து வைத்து வெளியே நின்று எடுத்திருக்கிறாய், குழந்தை சீட்டில் நம் குண்டுப்பாப்பா, அவளுக்கு அடியில் அவள் பிறந்தபோது நான் தைத்து அனுப்பிய மஞ்சள் மெத்தை. என் கண்ணுக்கு அந்த மெத்தைதான் தெரிந்தது. பத்து மாதமாகியும் ஒரு மூலைகூட அமுங்கவில்லை பாருங்கள் என்று உன் அப்பாவிடம் காட்டினேன், எதிர் வீட்டு டீச்சரிடம் காட்டினேன், மறுநாள் என் சீட் கவர் தையல் கடையைத் திறந்ததும் பக்கத்துப் பட்டறை மெக்கானிக்கிடமும் காட்டினேன், நீ எண்ணெய்க்கை என்று பேர் வைத்தாயே அவரிடம்தான். அவர் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கி, பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, 'பாப்பா அழகாத்தான் இருக்குக்கா, ஆனா ஏன் முன்சீட்ல இருக்கு?' என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பின்பக்கம் பார்த்து உட்கார்கிற குழந்தை சீட்டைக் கொண்டுபோய் டிரைவர் பக்கத்தில் டாஷ்போர்டை ஒட்டி வைத்திருக்கிறாய், அந்த டாஷ்போர்டுக்குள் ஏர்பேக் இருக்கிறது, குழந்தை தலைக்கும் அதற்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. படித்தவன்தானே நீ, முன்கண்ணாடிக்கு மேலே இருக்கிற வெயில் மறைப்பில் குழந்தை படம் போட்டுக் குறுக்கே சிவப்புக் கோடு போட்டு ஒட்டியிருக்கிறானே, அது என்ன அலங்காரத்துக்கா?

உடனே போன் செய்தேனே, அதில் நீ சொன்னது ஒவ்வொன்றும் எனக்கு மறக்கவில்லை. 'பின்னாடி வெச்சா அழறாம்மா, என் முகம் தெரியணும்ங்கறா.' அழட்டும். பொறுக்க முடியாவிட்டால் ஓரமாக நிறுத்து, இறங்கிப்போய்ப் பார், சமாதானம் செய்துவிட்டு மறுபடி ஓட்டு, காப்பகத்துக்குப் பத்து நிமிஷம் தாமதமானால் யாரும் உன்னைத் தூக்கில் போடப் போவதில்லை. 'நான் மெதுவாத்தான்மா ஓட்டறேன்.' உன்னை வந்து இடிக்கப் போகிறவனும் மெதுவாக வருவதாக உனக்கு எழுதிக் கொடுத்திருக்கிறானா? 'அதான் ஏர்பேக் இருக்குல்ல, அது காப்பாத்தும்.' இதைக் கேட்டுத்தான் நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஏதோ தலையணை மெதுவாக வந்து தாங்கிக்கொள்ளும் என்று நினைத்திருக்கிறாய். அது பெல்ட் போட்டுப் பின்னால் தள்ளி உட்கார்ந்திருக்கிற பெரியவர்களுக்காக வைத்தது, கண் இமைப்பதற்குள் வெடித்து வரும், எதிரில் குழந்தை சீட்டின் முதுகு இருந்தால் அதில்தான் குத்தும், அந்த முதுகில்தான் நம் பாப்பா தலை சாய்த்திருக்கிறாள். கடைசியில் ஒன்று கேட்டாய், 'நீங்க மட்டும் என்னை எப்படிக் கூட்டிட்டுப் போனீங்க, மடியில வெச்சுத்தானே?' என்று. ஆமாம், உன் அப்பாவின் டெலிவரி வேனில் முன்னால் மடியில் வைத்துத்தான் கூட்டிப்போனேன். ஒரு நாய் குறுக்கே ஓடியது, அவர் பிரேக் போட்டார், உன் தாடை போய் டாஷ்போர்டில் இடித்து என் புடவையெல்லாம் ரத்தம். இப்போது தாடி வளர்த்து மறைத்து வைத்திருக்கிறாய், தடவிப் பார், தழும்பு அங்கேயேதான் இருக்கிறது. எங்களுக்கு அன்று சொல்ல ஆளில்லை. உனக்குச் சொல்ல ஆள் இருக்கிறது, நீ போனைத்தான் எடுக்க மாட்டேன் என்கிறாய்.

உன் அப்பா கதை தனி. முழங்கால் வலி என்று இப்போது வேனை நான்தான் ஓட்டுகிறேன், அவர் பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார், அதையாவது பொறுத்துக்கொள்ளலாம், காலைத் தூக்கி டாஷ்போர்டு மேல் வைத்துக்கொள்கிறார், அப்படி வைத்தால்தான் சுகமாக இருக்கிறதாம். ஏர்பேக் வெடித்தால் அந்தக் கால் உங்கள் மூக்குக்கு வரும் என்றேன், இரண்டு நாள் முறைத்துக்கொண்டிருந்தார். இப்போது காலை இறக்கி வைத்திருக்கிறார், ஆனால் நான் கியர் மாற்றும்போதெல்லாம் உச்சுக்கொட்டுகிறார். உனக்கு இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று நான் வெளியே போய்த் தேட வேண்டியதில்லை.

சரி, இவ்வளவு சுற்றி வளைத்தது போதும், விஷயத்துக்கு வருகிறேன். நம் பல் டாக்டரை உனக்கு ஞாபகம் இருக்கும், எத்தனை கார் மாற்றினாலும் சீட் கவர் என்னிடம்தான் தைப்பார். வியாழக்கிழமை அவர் காரைப் பட்டறைக்கு இழுத்து வந்தார்கள். நாற்சந்தியில் ஒருவன் அவர் பக்கத்துக் கதவில் வந்து மோதி, அந்த வேகத்தில் இவர் கார் திரும்பிப் போய் விளக்குக் கம்பத்தில் முட்டியிருக்கிறது. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் மூன்று விலா எலும்பு முறிந்து படுத்திருக்கிறார். முன்சீட்டில் ஒரு நீளமான பிளாஸ்டிக் பெட்டியை நிமிர்த்தி வைத்திருந்தாராம், நோயாளிகளுக்கு எடுத்த பல் அச்சுகள் நிறைய இருந்ததாம், வண்டி பீப் பீப் என்று கத்துகிறதே என்று பெட்டிக்கு பெல்ட் வேறு மாட்டிவிட்டிருக்கிறார். ஏர்பேக் வந்த வேகத்தில் அந்தக் கெட்டிப் பெட்டி சில்லு சில்லாகிவிட்டது. கார் முழுக்கப் பல். சீட் மடிப்பிலிருந்து நானே கைநிறையப் பொறுக்கினேன். அந்தப் பெட்டி இருந்த இடத்தில்தான் நீ குழந்தையை வைத்திருக்கிறாய் என்று நினைத்ததும் பல்லையெல்லாம் அப்படியே கீழே போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அதற்கப்புறம் எண்ணெய்க்கை டிரைவர் சீட்டைத் திருப்பிக் காட்டினார். 'பாருங்கக்கா, இவ்வளவு அடி வாங்கியும் உங்க தையல் ஒண்ணுகூட விடல' என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். உடனே அவர் முகம் மாறியது, கத்தியால் கவரைக் கிழித்து உள்ளே காட்டினார். அந்த சீட்டு முதுகில் கதவுப் பக்கமாக இன்னொரு ஏர்பேக் இருக்கிறது, பக்கவாட்டில் இடித்தால் கதவுக்கும் விலாவுக்கும் நடுவே வந்து நிற்க வேண்டியது அது. சீட்டின் தையலைப் பிய்த்துக்கொண்டுதான் அது வெளியே வர வேண்டுமாம், அதற்காகவே கம்பெனிக்காரன் அந்த ஒரு இடத்தில் மட்டும் லேசாகத் தைத்து வைக்கிறானாம். அதற்கு மேலே நான் ரெக்சினைப் போட்டு இரட்டைத் தையல் அடித்திருக்கிறேன். பை வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே முட்டி மோதிச் சுருண்டு கிடந்தது. முப்பது வருஷமாகத் தைக்கிற கைடா இது, என் தையல் பிரியாது என்று சொல்லிச் சொல்லித்தானே இந்தக் கடையை நடத்தினேன். இன்னொன்றும் கேள். அந்த இடத்தில் ஒரு சின்ன லேபிள் துருத்திக்கொண்டு நிற்கும், அதில் ஏர்பேக் என்றுதான் எழுதியிருக்கும். அது ஏதோ விளம்பரம், கவருக்கு வெளியே தெரிந்தால் அசிங்கமாக இருக்கும் என்று ஒவ்வொரு காரிலும் உள்ளே தள்ளி மேலே தைத்துவிடுவேன். அதுதான் வேலைச் சுத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் வீட்டுக்குப் போய் நேரிலேயே சொல்லிவிட்டேன். உன் அப்பா வேண்டாம் என்றார், 'நீயா போய் ஏன் மாட்டிக்கறே, அவருக்குத் தெரியவா போகுது' என்றார். நான் உள்ளே போனதும் டாக்டர் என்ன சொன்னார் தெரியுமா, 'வாங்கம்மா, புது வண்டி வந்ததும் அதே இரட்டைத் தையல் போட்டுக் கொடுங்க' என்றார். நான் சொல்லி முடித்தபிறகு விலாவைப் பிடித்துக்கொண்டு மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தார். திட்டவில்லை. 'இன்னும் யார் யாருக்குத் தெச்சிருக்கீங்க?' என்று மட்டும் கேட்டார். கடைக்கு வந்து அளவு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தேன், கவரைக் கழற்றிவிடுங்கள், என் தப்பு என்று. சிலர் நன்றி சொன்னார்கள், ஒருவர் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார், கேட்கட்டும். நோட்டு முடிந்தது, அப்பாடா என்று மூடினேன். அப்புறம்தான் கைப்பையில் கண்ணாடியைத் தேடும்போது அந்தத் தாள் கையில் பட்டது. உன் காருக்கு சீட் கவர் தைக்க நீ டேப் வைத்து அளந்து எழுதி அனுப்பிய தாள். உன் கையெழுத்து என்பதால் நோட்டில் ஒட்டாமல் என்னோடே வைத்திருந்தேன். அதனால் உன் பேர் நோட்டில் இல்லை. ஊரையெல்லாம் கூப்பிட்டுச் சொன்னவள் பெற்ற பிள்ளையை விட்டுவிட்டேன். உன் போட்டோவை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன், திறந்த கதவுப் பக்கம் சீட்டு ஓரத்தில் என் இரட்டைத் தையல் வரிசையாகத் தெரிகிறது. அந்த மஞ்சள் மெத்தையும் தப்புதானாம், சீட்டோடு வராத எதையும் குழந்தைக்கு அடியில் வைக்கக் கூடாதாம். அத்தனை கனத்துக்கு ஸ்பாஞ்ச் இருந்தால் குழந்தையைப் பூட்டுகிற பட்டை இறுக்கமாக இருப்பது போலத் தெரியும், இடித்தால் ஸ்பாஞ்ச் அமுங்கிப் பட்டை தளர்ந்து குழந்தை நழுவிவிடும் என்று எண்ணெய்க்கை சொன்னார். திங்கட்கிழமை உன்னிடம் கத்தினேனே, அதில் பாதிக் கத்தல் எனக்கு வந்திருக்க வேண்டியது.

பாதிதான். மீதி உனக்கேதான், தப்பித்தோம் என்று நினைக்காதே. இப்போது காது கொடுத்துக் கேள். குழந்தை சீட்டைப் பின்சீட்டுக்கு மாற்று, அவள் பின்பக்கம் பார்த்தபடியேதான் இருக்க வேண்டும், வளர்ந்துவிட்டாள் என்று சீக்கிரமாகத் திருப்பாதே, எந்த எடை எந்த உயரம் வரை என்று அந்த சீட்டோடு வந்த புத்தகத்தில் இருக்கும், பிரிக்காமல் எங்கேயாவது போட்டிருப்பாய், தேடி எடு. பெல்ட் போகிற இடத்தில் பிடித்து ஆட்டிப் பார், ஒரு விரல் அகலத்துக்கு மேல் அசைந்தால் சரியாக மாட்டவில்லை என்று அர்த்தம், கழற்றி மறுபடி மாட்டு. மஞ்சள் மெத்தையை எடுத்துவிடு. குளிராக இருந்தால் கனமான கோட்டைப் போட்டு அதன்மேல் பட்டையைப் பூட்டாதே, முதலில் பட்டை, அதற்கு மேலே போர்வை. தோளில் பட்டையைக் கிள்ளிப் பார், விரலுக்குள் மடிப்பு வந்தால் இன்னும் இறுக்கு. அவள் முகம் சுளிப்பாள், நீ இளகாதே. உன் மறதியும் எனக்குத் தெரியும், அவள் பின்னால் தூங்கிப்போனால் நீ பாட்டுக்கு இறங்கிப் போய்விடக் கூடாது, ஆபீஸ் பையை அவள் பக்கத்திலேயே வை, பையை எடுக்கப் போனால் பிள்ளையையும் பார்ப்பாய். முன்சீட்டு இரண்டிலும் இருக்கிற என் கவரைக் கழற்று. அங்கே மாட்ட வந்தபோது நாடா முடிச்செல்லாம் சீட்டுக்கு அடியில் போட்டுத் தைத்திருக்கிறேன், இழுத்தால் வராது. அதற்குத்தான் இந்தக் கடிதத்தோடு என் தையல் பிரிக்கிற கத்தியை வைத்திருக்கிறேன், சிவப்புப் பிடி போட்டது, சின்ன வயதில் நீ தொட்டால் கையில் அடிப்பேனே அதே கத்தி. சீட்டுத் துணியில் கீறல் படாமல் என் நூலை மட்டும் அறு. அம்மா தைத்ததாயிற்றே என்று ஒரு ஓரத்தைக்கூட விட்டுவைக்காதே, ஞாபகத்துக்கு என்று எடுத்தும் வைக்காதே. லேபிள் வெளியே தெரிகிறதா என்று பார்.

உன் குடும்பம் நோய்நொடி இல்லாமல் இருக்கட்டும், குழந்தை கிழவியாகும் வரை வாழட்டும், அவள் அழுகிற அழுகையெல்லாம் பின்சீட்டில் அழுததாக மட்டும் இருக்கட்டும். மருமகள் வந்ததும் இந்தக் கடிதத்தை அவளிடம் கொடு, நீ கொடுக்க மாட்டாய் என்று தெரிந்து இன்னொரு பிரதி எழுதி வைத்திருக்கிறேன். எல்லாம் முடித்த பிறகு அதே மாதிரி கதவைத் திறந்து வைத்து இரண்டு போட்டோ எடுத்து அனுப்பு, வெறும் முன்சீட்டு ஒன்று, பின்சீட்டில் பாப்பா ஒன்று. அதுவரை எந்த காருக்கும் ஊசி கோக்க மாட்டேன், மிஷினை மூடி வைத்துவிட்டேன். கட்டைவிரல் மட்டும் அனுப்பினாயோ, அடுத்த பஸ்ஸில் ஏறி அங்கேயே வந்துவிடுவேன்.

கத்தியைக் குழந்தை கைக்கு எட்டாமல் வை.

இப்படிக்கு,
உன் மேலும் தன் மேலும் கோபமாக இருக்கிற
உன் அம்மா