எட்மன்டன் தோட்டத்துக்கு நான் போட்ட லிஸ்ட்

ஏப்ரல் 6, ஞாயிறு

அபிகாயில் அக்கா கனடாவிலிருந்து வீடியோ காலில் அழுதாள். கல்யாணமாகி எட்மன்டன் போய் ஆறு மாதம். ஜாய்சன் அத்தானுக்குப் பேரில் மட்டும்தான் ஜாய். மற்ற நேரமெல்லாம் லேப்டாப். "எனக்கு இங்க ஒட்டல. சிட்லபாக்கத்துக்கே வந்துடறேம்ப்பா."

அப்பாவின் தீர்ப்பு: "பின்னாடி இடம் இருக்குல்ல? தோட்டம் போடு, மனசு ஒட்டும். ஒண்ணுமே வரலைன்னா அக்டோபர்ல டிக்கெட் போடறேன்."

அடடா, என்ன வைத்தியம்! அந்த இடம் வடக்குப் பார்த்தது. வெயிலே எட்டாத எட்மன்டன்.

ஏப்ரல் 13

செடி ஆலோசனைக் குழு கூடியது. அறிவு மட்டும் வரவில்லை. அம்மா: மல்லி. அப்பா: செம்பருத்தி. பக்கத்து வீட்டு கங்கையம்மாள் ஆன்ட்டி: "வெத்தலக் கொடி வெக்கச் சொல்லு. நெயல்ல சும்மா தளதளன்னு வரும்."

"அங்க ஐஸ் கொட்டும் ஆன்ட்டி."

"கொட்னா இன்னா? மேல ஒரு கோணியப் போடு."

ஏப்ரல் 14

அக்கா எனக்கு மட்டும் மெசேஜ்: "எல்லாரும் காமெடி பண்றாங்க. ஜென்சி, நீயே செலக்ட் பண்ணு."

பண்ணினேன். ரோஜா, லாவெண்டர், சூரியகாந்தி. மூன்றுமே வெயில் பைத்தியங்கள். நிழலில் நிச்சயம் நாசம், அக்டோபரில் அக்கா இங்கே. நான் யாரு!

ஜூன் 1

நட்டுவிட்டாளாம். போட்டோவில் இளிக்கிறாள். பாவம்.

ஜூலை 13

எல்லாம் காலி. திட்டுவாள் என்று பார்த்தால், "நான் தொட்டா எதுவுமே வராது போலடி" என்கிறாள். மெதுவாக.

இது என் பிளானில் இல்லையே.

ஜூலை 15

சொல்லிட்டேன். வேணும்னேதான் தப்பா குடுத்தேன்னு.

"ஏன்டி?"

"நீ வந்துடுவல்ல, அதான்."

  "எருமை. இப்பவாச்சும் ஒழுங்காச் சொல்லு."

ஹோஸ்டா, பெரணி. நிழலும் குளிரும் தாங்குபவை. ஹோஸ்டா பார்க்கச் சேப்பங்கிழங்கு இலை மாதிரி இருக்கும். அதற்குப் போய் இவ்வளவு ஸ்டைலான பேர்!

ஆகஸ்ட் 24

பிடித்துக்கொண்டதாம். தினம் ஒரு போட்டோ. இலை, இலை, இலை. சலிப்பு.

அக்டோபர் 12

உறைபனி விழுந்து எல்லாம் கருகிவிட்டது. வீடியோவில் வெறும் மண். அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "ஒண்ணுமே இல்லையேம்மா. டிக்கெட் போடட்டுமா?"

நான் எட்டிப் பார்த்தேன், அப்பாவின் கம்ப்யூட்டரில் டிக்கெட் போடும் பக்கம் தயாராகத் திறந்திருந்தது.

"சாகலப்பா. வேரு கீழ தூங்குது, மே மாசம் முளைக்கும். நான் இல்லன்னா யார் பார்ப்பா?"

அப்பா டிக்கெட் பக்கத்தை மூடினார்.

சேப்பங்கிழங்கு தூங்குதாம், இவ காவலாம்! யாரையாவது நல்லாத் திட்டணும் போல இருக்கு. லிஸ்ட் போட்டதோ நான்.