ஹெல்த் கார்டில் விடுபட்ட நாலு வருடங்கள்

இஞ்சேருங்கோ, என் அன்புக்குரியவரே,

நீங்கள் கண்மூடி, இப்படிக் கூப்பிட்டு ஆறு மாதமாகிறது. கூப்பிட்டால் "என்னப்பா?" என்று குசினிக்குள் எட்டிப் பார்க்க ஆளில்லை. இந்தக் குளிர் தேசத்து வெக்ஸ்போர்ட் வீட்டில் ஃபிரிட்ஜ் இரைகிற சத்தம்தான் எனக்குத் துணை.

ஊரில் சண்டை முடிந்துவிட்டது. நீங்கள் ஆசைப்பட்ட மாதிரி முடியவில்லை. சண்டையை நிறுத்தச் சொல்லி இங்கே டவுன்டவுனில் எங்கட சனம் ரோட்டோரம் நின்றபோது நானும் கால் வீங்கும்வரை நின்றேன். வன்னியில் இருந்த என் அண்ணன் கடைசி நாட்களில் ஷெல் விழுந்து போய்விட்டார். முகாமிலிருந்து ஒருவர் போன் எடுத்தார். "பங்கருக்கு வெளியில தண்ணி எடுக்கப் போனவர், அக்கா" என்றார்.

அண்ணனோடு இன்னொன்றும் போய்விட்டது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

உங்களுக்கு அறுபத்தைந்து வந்த நாள் நினைவிருக்கிறதா? ஃபார்மசியால் வந்து, "இனி என்ர மருந்துக் குளிசைக்கு அரசாங்கம் குடுக்குமாம். நான் சட்டப்படி கிழவன். நீர் இன்னும் குமரிதான், மூண்டு வருசம் பொறும்" என்று சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். பிறகு குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

எனக்கு அப்போது அறுபத்தாறு.

ஓம், உண்மைதான். வயதைக் கேட்டே ஆறு சம்பந்தம் தட்டிப்போன பிறகு, என்னைப் பெற்ற ஐயா என் சாதகத்தில் நாலு வருடத்தைக் குறைத்து எழுதுவித்தார். உங்களுக்கு இருபத்தைந்து, எனக்கு இருபத்திரண்டு என்று பேசி முடித்தார்கள். கலியாணத்துக்கு முதல்நாள் அண்ணன் என்னைத் தனியே கூப்பிட்டு, "உது எங்களோட இருக்கட்டும். அந்த மனிசனிட்டை ஒருநாளும் வாய் திறந்துபோடாதை" என்றார். நான் திறக்கவில்லை. முழங்கால் நோகிறது என்றால் "இந்த வயசிலேயோ?" என்று கேலி செய்வீர்கள். அந்த வயசில் நான் இல்லையப்பா என்று எத்தனை தரம் சொல்ல வந்திருப்பேன்!

இந்த நாட்டுக்கு வந்து முதலில் இருந்த பார்க்டேலில் அகதி ஃபோர்ம் நிரப்பியதும் நீங்கள்தான். கையில் ஒரு பத்திரமும் இல்லாமல் வந்தவர்கள் நாங்கள். என் பிறந்த வருடத்தில் பேனாவை நிறுத்தி, "சரிதானே?" என்று என் முகத்தைப் பார்த்தீர்கள். "ஓம்" என்றேன். இன்னொரு தரமும் கேட்டீர்கள். ஏன் இரண்டு தரம் கேட்டீர்கள்?

அந்த வருடம்தான் என் ஹெல்த் கார்டுக்கும் போனது. கார்ட் இருந்தால் எல்லாம் இலவசம் என்று இத்தனை காலமும் நினைத்திருந்தேன். டாக்டருக்கும் ஆஸ்பத்திரிக்கும்தான் அது. வீட்டில் போடும் குளிசைக்கு இல்லை. என் குளிசை உங்கள் ஃபக்டரி இன்சூரன்ஸில் வந்துகொண்டிருந்தது, நீங்கள் போனதோடு அதுவும் போய்விட்டது. அரசாங்கம் மருந்துக்குக் கொடுப்பது அறுபத்தைந்து வந்தவர்களுக்கு, இல்லையென்றால் உடம்பு இயலாமல் அரசாங்க உதவியில் இருப்பவர்களுக்கு. கார்டின்படி எனக்கு அறுபத்து மூன்று. கை காலும் ஒருமாதிரி ஓடுகிறது. அதனால் சீனி வருத்தக் குளிசையைக் கத்தியால் பாதியாக்கிப் போட்டு வந்தேன். கோபிக்காதேங்கோ.

ஃபார்மசியில் வேலை செய்யும் எங்கட தமிழ்ப் பிள்ளை ஒருத்தி பிடித்துவிட்டாள். "அன்ரி, போன மாசக் குளிசை எப்பவோ முடிஞ்சிருக்க வேணுமே?"

மறந்துபோனேன் என்றேன். அவள் நம்பவில்லை. உள்ளே கூட்டிப்போய்க் கதிரையில் இருத்தினாள்.

"பாதி போட்டா சுகர் ஏறிக் கண்ணும் கிட்னியும் பழுதாப் போகும், அன்ரி. சீரியஸ்லி. வருமானத்துக்கு மருந்துச் செலவு கூடின ஆக்களுக்கு வேற ப்ரோகிராம் இருக்கு. அதுக்கு அறுபத்தைஞ்சு வரத் தேவையில்லை. வாங்கோ, ஃபோர்ம் நிரப்புவம்."

"பிள்ளை, ஓராளின்ர வயசு கார்டில பிழையா இருந்தா மாத்தலாமோ?" என்று கேட்டேன்.

"பேர்த் சேர்ட்டிஃபிகேற் வேணும், அன்ரி. இல்லாட்டி விஷயம் தெரிஞ்ச மூத்த சொந்தக்காரர் ஆராவது எழுதிக் குடுத்துப் பாக்கலாம். ஆரும் இருக்கினமோ?"

என் பிறப்புப் பத்திரம் அண்ணனின் தகரப் பெட்டியில் இருந்தது. எழுதிக் கொடுக்க அண்ணனும் இருந்தார், இப்போது இரண்டுமில்லை. "இல்லை" என்றேன். நான் பிறந்த வருடம் தெரிந்தவர் இனி இந்த உலகத்தில் ஒருவருமில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் அண்ணனுக்காக அழுகிறேன் என்று நினைத்தார்கள். எனக்காகவும்தான் அழுதேன். நீங்கள் இருந்தபோதே சொல்லியிருந்தால் இப்போது இவ்வளவு தனியாக இருந்திருக்க மாட்டேன்.

ஃபோர்மில் பிறந்த வருடம் கேட்டிருந்தது. பார்க்டேலில் நீங்கள் எழுதிய வருடத்தையே எழுதினேன். இந்தமுறை பேனாவை நிறுத்தி என் முகத்தைப் பார்க்க நீங்கள் இல்லை.

இனிக் குளிசையைப் பாதியாக்க மாட்டேன். உங்கள் மேல் ஆணை. நீங்கள் எழுதித் தந்த வயதில் அறுபத்தைந்து வரும்வரை இருப்பேன். அன்றைக்கு ஃபார்மசியால் வந்து, உங்கள் படத்துக்கு முன்னால் நின்று, நானும் சட்டப்படி கிழவி என்று சொல்லுவேன். நீங்கள் சிரிக்க வேணும்.

உங்களைவிட ஒரு வயது மூத்த
உங்கள் மனைவி