ஹமீது காக்காவிடம் என்ன சொன்னீர்கள்?

அன்புள்ள வாப்பாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். உங்கள் முட்டி வலியும் உம்மாவின் இருமலும் இப்போது எப்படி? இங்கே தேக்கா கடைத்தெருவில் நம்மூர்ச் சாமான் எல்லாம் கிடைக்கிறது, எதுவும் அனுப்ப வேண்டாம்.

எம்.பி.ஏ. வகுப்பில் என்னைத் தவிர எல்லோரும் ஐந்தாறு வருடம் வேலை பார்த்தவர்கள். நேற்று பேராசிரியர், வேலையிலிருந்து ஒருவரை நீக்கிய அனுபவத்தை ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னார். நம் ஜவுளிக்கடையில் பதினெட்டு வருடம் நின்ற ஹமீது காக்காவை நீங்கள் நிறுத்தினீர்களே, அதை நானே செய்ததாகச் சொல்லிவிட்டேன். “அவரிடம் என்ன சொன்னீர்கள்?” என்றார். சிரித்துச் சமாளித்தேன். மாதக் கடைசிக்குள் அதை எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

“ரெண்டு வருஷம் வேலை பாத்துட்டு வந்திருக்கலாம்லா” என்றாள் பக்கத்தில் உட்காரும் கவிப்ரியா. கல்லூரி முடிந்ததும் கடைக்கு வருகிறேன் என்றுதானே சொன்னேன். “கடை எங்கயும் போயிடாது, மொதல்ல படி” என்றீர்கள்.

ஃபோனில் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவீர்கள், அதனால் எழுதுகிறேன். அவரிடம் என்ன சொன்னீர்கள் வாப்பா? அன்று நீங்கள் சாப்பிடாமல் படுத்தது மட்டும்தான் எனக்குத் தெரியும். ஏன் என்று நான் கேட்கவில்லை. மறுநாள் எனக்குப் பரீட்சை இருந்தது.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்,
ஃபஹ்மிதா