அக்காவின் சங்கிலிக்கு இன்னும் மூன்று சனிக்கிழமைகள்

சிவகாசி,
புரட்டாசி 3, ஞாயிற்றுக்கிழமை

அன்பும் மரியாதையும் என்றும் குறையாத அத்தானுக்கு,

தாங்கள் காலமானது மாசி 14, வியாழக்கிழமை, காலை ஆறு இருபதுக்கு. செல்வியின் மாமனார் எல்லோரிடமும் ஆறரை என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார். இரண்டு முறை திருத்திவிட்டேன். நாள்காட்டி அச்சகத்தில் நாற்பத்தொரு வருடமாகப் பிழை திருத்துகிறவனுக்கு அந்தப் பத்து நிமிடம் உறுத்தாமல் இருக்குமா?

தங்களிடம் சொல்லியே ஆக வேண்டிய செய்தி ஒன்று. சங்கிலி விஷயம் அக்காவுக்குத் தெரிந்துவிட்டது.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் விவரம் தெரியட்டும். எட்டு வருடத்துக்கு முன், வைகாசி மாதம், தங்கள் மகள் செல்விக்குக் கல்யாணம். நான் தாய்மாமன். கல்யாணமே செய்துகொள்ளாத எனக்கு அந்த ஒரு சீர்தான் வாழ்நாள் கௌரவம். கையில் காசு இல்லை. தாங்கள் அக்காவின் ஐந்து பவுன் சங்கிலியை எடுத்து, தங்கள் பெயரிலேயே எண்பதாயிரத்துக்கு அடகு வைத்து, பணத்தை என் சட்டைப் பையில் திணித்தீர்கள். ஒரு வருடத்தில் மீட்டுத் தருவதாகச் சொன்னேன். சங்கிலி பத்திரமாக லாக்கரில் இருப்பதாக அக்காவிடம் தாங்கள் சொன்னீர்கள். ஏன் அத்தான் ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல் கொடுத்தீர்கள்? மறுத்திருந்தால் நான் கோபித்துக்கொண்டு நாலு நாள் பேசாமல் இருந்திருப்பேன். அவ்வளவுதானே?

ஐம்பத்தொரு தட்டு, பீரோ, மேளம், பத்தாயிரம் வாலாச் சரம். எம். புதுப்பட்டிப் பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்த தாங்களே அந்தச் சரத்தைப் பார்த்துச் சிரித்தீர்கள். மீட்பது மட்டும் நடக்கவில்லை. வருடா வருடம் வட்டியைக் கட்டி, தங்கள் கையெழுத்தோடு அடகைத் திருப்பி வைத்தேன். ஒரு நாள்கூடப் பிந்தியதில்லை. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. எட்டு வருடத்தில் கட்டிய வட்டி முதலைத் தொட்டுவிட்டது. முதல் அசையவே இல்லை.

பங்குனி 20 அன்று நகைக்கடன் கம்பெனியிலிருந்து அக்காவுக்குப் போன் வந்தது. கடன் வாங்கியவர் இறந்துவிட்டதால் இனித் திருப்பி வைக்க முடியாதாம். புரட்டாசி 23-க்குள் முழுவதும் கட்டி, வாரிசு கையெழுத்திட்டு நகையை மீட்க வேண்டும். தவறினால் ஏலம். அக்கா என்னைக் கூப்பிட்டனுப்பினாள். போய் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், வட்டி கட்டிய தேதிகளையும் வரிசையாகச் சொன்னேன்.

“தேதி தவறாம வட்டி கட்டுனியாக்கும்,” என்றாள். “அப்ப முதல எந்தத் தேதியில கட்டுறதா இருந்தலே?”

தேதிகளை எண்ணிக்கொண்டிருந்த விரலை மடக்கிக்கொண்டேன்.

“என் கழுத்துச் சங்கிலிய அடகு வச்சு எனக்கே சீர் கொண்டாந்துருக்கே. மேளம் வேற.”

சிரித்தாள், அத்தான். சிரித்து முடித்த பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தச் சங்கிலி தாங்கள் முதல் போனஸில் வாங்கிக் கொடுத்தது என்பது அன்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதையும் தாங்கள் சொல்லவில்லையே.

சித்திரை 1 முதல் என் செலவை மாற்றினேன். முதல் காரியமாக மொபெட்டை விற்றேன். அதில் வந்த பதினைந்தாயிரம் கடன் தொகையில் கழிந்தது. அச்சகத்தில் சனிக்கிழமை காலை வாரச் சம்பளம். முன்பெல்லாம் கவரை வாங்கியதும் பலகாரக் கடைப் பக்கம் கால் போகும். இப்போது சாப்பாட்டு நேரத்தில் நேராக நகைக்கடன் கவுண்டருக்குப் போகிறேன். வட்டி போக வாரம் இரண்டாயிரத்து ஐந்நூறு. நேற்றோடு இருபத்து மூன்று சனிக்கிழமை, ஒன்றும் தவறவில்லை.

கவுண்டரில் இருக்கும் தம்பி கேட்டான், “வாரா வாரம் வெயில்ல நடந்து வர்றீகளே பெரியவரே, மாசக் கடைசியில மொத்தமாக் கட்டுனா ஆகாதா?”

“மாசக் கடைசி வரைக்கும் அது என் கையில இருக்காது தம்பி,” என்றேன். என்னைப் பற்றி அப்போதுதான் ஓர் உண்மையைத் திருத்தமாகச் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

நாலு மணி வடைதான் பெரிய போராட்டம். மிஷின் ஓட்டுகிறவர்கள், பைண்டிங் பெண்கள் என்று பன்னிரண்டு பேருக்கு நான்தான் தினமும் வடையும் டீயும் வாங்குவேன் என்பது தங்களுக்குத் தெரியும். யாரும் கேட்டதில்லை, நானாகச் செய்துகொண்ட பெரிய மனிதத்தனம். சித்திரை 2 அன்று வீட்டிலிருந்து பிளாஸ்க் கொண்டுபோனேன்.

“பெருசுக்கு வடை கசந்துபோச்சா, நாங்க கசந்துபோனோமா?” என்றாள் பைண்டிங் மாரியம்மா.

“கடன் கசந்துபோச்சு,” என்றேன். மறுநாளிலிருந்து அவள் வீட்டு முறுக்கில் இரண்டு என் மேசையில் இருக்கிறது. நான் வாங்கிக் கொடுத்த வருடங்களில் ஒரு நாளும் அது வந்ததில்லை.

எல்லாம் இப்படிச் சுலபமாக இருந்ததாக நினைக்க வேண்டாம். ஆவணி 13, செல்வி மகளுக்கு இருக்கன்குடியில் மொட்டையும் காதுகுத்தும். செல்விக்கு உடன்பிறந்தவன் இல்லாததால், குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளும் முறை எனக்குத்தான். மறுபடியும் சீர். முந்திய சனிக்கிழமை கவுண்டர் தம்பி மெல்லச் சொன்னான், “பவுன் விலை ஏறிக் கெடக்கு. உங்க அக்கா பேருக்கு மாத்தி வச்சா எம்புட்டு வேணும்னாலும் தரலாம். அவுக ஒரு கையெழுத்துப் போட்டா போதும்.”

தங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? அந்த விண்ணப்பத்தை வாங்கினேன். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அக்கா வீட்டு வாசல் வரை போனேன். நான் கேட்டிருந்தால் அவள் திட்டிக்கொண்டே கையெழுத்துப் போட்டிருப்பாள். தாங்கள் திட்டக்கூடச் செய்யாமல் போட்டீர்களே? அந்த நினைப்புத்தான் என்னை வாசலிலேயே நிறுத்தியது. திரும்பி நடந்து, கம்பெனி அடைப்பதற்குள் விண்ணப்பத்தை மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

அன்றே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன்: “எதிர்வரும் ஆவணி 13 அன்று நான் சீர் இன்றி வருவேன். குழந்தைக்கு ஒரு கவுன் மட்டும். கடன் இருக்கிறது.” அனுப்புவதற்கு முன் பிழை இருக்கிறதா என்று நான்கு முறை பார்த்தேன். பிறகு செல்வி, “சரி மாமா” என்றாள். அவளுடைய மாமனார் கைகூப்பிய படம் ஒன்றைப் போட்டார். அதற்கு என்ன பொருள் என்று இன்றுவரை விளங்கவில்லை.

சாத்தூரில் பஸ் மாறி கோயிலுக்குப் போய் இறங்கினேன். “தாய்மாமன் வந்துட்டாரு, சீர் வண்டியத்தான் காணோம்,” என்று ஒரு குரல் வந்தது. “வண்டி வராது. நான் பஸ்ஸில் வந்தேன்,” என்றேன். முகம் சுட்டது உண்மை. குழந்தை மடியில் உட்கார்ந்து வேட்டியை நனைத்தாள். காது குத்தும்போது கத்திய கத்தலில் சீரைப் பற்றி அதற்குமேல் யார் என்ன பேசினாலும் காதில் விழவில்லை. பந்தியில் அக்கா என் இலைக்கு இரண்டாம் முறை கறி வைத்தபடி, “இன்னைக்குத்தான்லே நிம்மதியாச் சாப்புடுதே,” என்றாள்.

மிச்சம் ஏழாயிரத்து ஐந்நூறு. மூன்று சனிக்கிழமைகள். கடைசி சனிக்கிழமையே கெடு நாள். ஒரு வாரம்கூடத் தவற இடமில்லை. நேற்று உறவில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. போவேன்; நூற்றொரு ரூபாய் மொய் எழுதிவிட்டுச் சாப்பிட்டு வருவேன். அதற்குமேல் என் பெயருக்குப் பெருமை வேண்டாம்.

புரட்டாசி 23 அன்று அக்காவை அழைத்துப் போகிறேன். அவள் கையெழுத்திடுவாள். சங்கிலியை நான் கையால் தொட மாட்டேன். கவுண்டரிலிருந்து நேராக அவள் கைக்குப் போகட்டும். அதற்கடுத்த சனிக்கிழமை, புரட்டாசி 30. சம்பளக் கவரோடு அதே நேரத்துக்குக் கிளம்பி, இந்த முறை தபால் நிலையத்துக்குப் போவேன். அதே இரண்டாயிரத்து ஐந்நூறைப் போட்டு, என் பெயரில் ஒரு சேமிப்புக் கணக்குத் தொடங்குவேன். அறுபத்தெட்டு வயதில் இதுதான் முதல் கணக்கு. எனக்கு நாளை ஒரு மருந்துச் செலவு வந்தாலும் அக்கா வீட்டுப் பீரோ திறக்கப்படாது. இது தங்களுக்கு நான் தருகிற வாக்கு. இதற்கும் தேதி போட்டுவிட்டேன்.

தங்கள் மனைவியின் தம்பியும்,
தங்களுக்கு இன்னும் மூன்று வாரக் கடன்பட்டவனுமாகிய
மைத்துனன்